கண்ணை எடுக்கும் நேரமும் வேலை நேரம்தான்: தொழிலாளர் நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2021-ஆம் ஆண்டு நம் சட்டப்பேரவையில் ஒரு சின்னத் திருத்தம் நிறைவேறியது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலை பார்க்கும் எல்லாருக்கும் உட்கார இருக்கை வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்று அது சொன்னது. கேரளத்துக்கு அடுத்து இப்படிச் சட்டம் போட்ட மாநிலம் நாம்தான். காலையிலிருந்து இரவுவரை நின்றபடியே புடவை விரித்துக் காட்டிய ஜவுளிக்கடைப் பெண்களின் காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பதை ஊரே பார்த்திருந்தது. "கூட்டம் இல்லாதபோது உட்கார வேண்டியதுதானே, யார் தடுத்தது?" என்று உங்கள் துறை கேட்கவில்லை. சூப்பர்வைசர் தடுப்பார், கேமரா தடுக்கும், சம்பளப் பிடித்தம் தடுக்கும் என்பதைப் புரிந்துகொண்டு அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தீர்கள். அதற்காக உங்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன். அதே சட்டத்தின் கீழ் வருகிற இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கு நாற்காலி உண்டு, ஏசி உண்டு, நாள் முழுக்க உட்கார்ந்தேதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாதது, திரையிலிருந்து கண்ணை எடுக்கும் உரிமை.

நான் திருச்சியில் மெடிக்கல் கோடிங் வேலை செய்கிறேன்; மருத்துவர்கள் எழுதும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டுப் பணம் கோருவதற்கான குறியீடுகளாக மாற்றும் வேலை அது. சென்னை, கோவை, சேலம் என்று பல ஊர்களில் இந்த வேலை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. நர்ஸிங், பிசியோதெரபி, பயோடெக், விலங்கியல் என்று ஏதோ ஒன்று படித்துவிட்டு வேலை கிடைக்காமல் நின்ற பிள்ளைகளை அது கைதூக்கி விட்டிருக்கிறது. எனவே இந்தத் தொழிலைக் குறை சொல்வதற்காக எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் 50 வயதிலும் தெளிவான கண்ணோடு இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வேலை எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் கண் ஏன் இவ்வளவு படுகிறது என்பது விளங்கும். இடப்பக்கத் திரையில் அமெரிக்காவில் எங்கோ ஒரு மருத்துவர் எழுதிய நோயாளிக் குறிப்பு (சார்ட்) இருக்கும். சில நேரம் சுத்தமாக டைப் அடித்தது, சில நேரம் ஃபேக்ஸில் வந்து ஸ்கேன் ஆகி எழுத்தெல்லாம் சாம்பல் பூத்தது. வலப்பக்கத் திரையில் நோய்க் குறியீடுகளைப் பதியும் மென்பொருள். ஐசிடி-10-சிஎம் என்ற அந்தத் தொகுப்பில் 70,000-க்கும் மேற்பட்ட குறியீடுகள். ஈ11.9 என்றால் சிக்கல் எதுவும் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், ஈ11.65 என்றால் அதே நோயில் ரத்தச் சர்க்கரை ஏறிப்போன நிலை. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைத் தவறவிட்டால் காப்பீட்டுக் கோரிக்கை (க்ளைம்) திரும்பி வரும், தரச் சோதனையில் (க்யூஏ) மதிப்பெண் குறையும். ஆக, மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டு போகிற வேலை இல்லை இது. இரண்டு திரைக்கும் நடுவில் கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடுகிற ஒவ்வொரு முறையும் சின்ன எழுத்தில் போய்க் குத்திட்டு நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை சார்ட் என்று டார்கெட் வேறு.

இப்படிக் கூர்ந்து பார்க்கும்போது கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கண் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். சும்மா இருக்கும்போதும் பேசிக்கொண்டிருக்கும்போதும் நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. இமைக்கிற கொஞ்ச முறையிலும் பல முறை பாதிதான் மூடுகிறது; மேல் இமை கீழ் இமையைத் தொடாமலேயே திரும்பிவிடுகிறது. இமையின் ஓரத்தில் மெய்போமியன் சுரப்பிகள் என்று வரிசையாக உண்டு. இமை முழுதாக மூடித் திறக்கும்போதுதான் அவற்றிலிருந்து மெல்லிய எண்ணெய் வந்து கண்ணீர்மேல் படரும். அந்த எண்ணெய்ப் படலம் சரியாக இல்லாவிட்டால் அடியில் இருக்கும் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிடும். அதற்குமேல் தலைக்கு நேரே ஏசி காற்று. மாலை ஆவதற்குள் கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தல், சிவப்பு, எரிச்சல்.

அப்புறம் கண்ணிலிருந்து தண்ணீர் வழியத் தொடங்கும். "தண்ணீர் கொட்டுகிறதே, வறட்சி என்கிறீர்களே" என்று எங்களோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்பார்கள். வறண்டு எரியும் கண் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவசரமாகச் சுரக்கும் நீர் அது. எண்ணெய் சேராத வெறும் தண்ணீர், கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும்.

இது மேற்பரப்பில் நடப்பது. உள்ளே கண்வில்லையைச் சுற்றி ஒரு தசை வளையம் இருக்கிறது. தொலைவில் பார்க்கும்போது அது தளர்ந்திருக்கும், கிட்டத்தில் பார்க்கும்போது இறுகும். இரண்டு கண்களையும் மூக்குப் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருக்கும் தசைகளும் கிட்டத்தில் பார்க்கும்போது ஓயாமல் வேலை செய்யும். எட்டு மணி நேரம் இந்தப் பிடியிலேயே இருந்துவிட்டு வெளியே வந்தால் எதிரே வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை சட்டென்று தெளிவதில்லை. நெற்றிப் பொட்டிலும் புருவத்துக்கு மேலும் வலி. முன்பு பார்வைக்குத் தொந்தரவு தராமல் இருந்த சின்னச் சிலிண்டர் பவர்கூட (கண்ணின் வளைவு சீராக இல்லாததற்குப் போடும் பவர்) இந்த வேலைக்கு வந்ததும் தலைவலியாக வெளியே வருகிறது.

இதற்கு எல்லாரும் சொல்லும் மருந்து 20-20-20. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தொலைவில் இருப்பதை, இருபது விநாடி பார்க்க வேண்டும். ஜெஃப்ரி ஆன்ஷெல் என்ற அமெரிக்கக் கண் பரிசோதகர் எளிதாக நினைவில் நிற்கட்டும் என்று 1990-களில் இந்த விதியைச் சொன்னார். இருபது அடி, அதாவது 6 மீட்டருக்கு அப்பால் பார்த்தால் அந்தத் தசை வளையம் ஏறக்குறைய முழுதாகத் தளர்ந்துவிடும். பார்வை நகரும்போது இரண்டு மூன்று முறை முழுதாக இமைக்கவும் செய்வோம். கையைக் காலை அசைக்காமல், காசு செலவில்லாமல் கிடைக்கிற ஓய்வு. எங்கள் அலுவலகங்களின் கழிப்பறைக் கதவில்கூட இந்த விதியைப் போஸ்டராக ஒட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இருக்கையில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. ஏன் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இந்த மடலே அதற்காகத்தான்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் திரையின் கீழ் மூலையில் ஒரு பச்சை வட்டம் இருக்கும். சில நிமிடங்கள் மவுஸோ கீபோர்டோ அசையாவிட்டால் அது மஞ்சளாகும், அப்புறம் சிவப்பாகும். சிவப்பாக இருந்த நேரமெல்லாம் 'ஐடில்', அதாவது சும்மா இருந்த நேரம் என்று கணக்கில் ஏறும். மாதக் கடைசியில் அந்தக் கணக்கைப் பார்த்து இன்சென்டிவில் கை வைப்பார்கள். சாப்பாட்டு இடைவேளை, டீ இடைவேளை தவிர மற்ற எதற்கும் எழுந்தால் மென்பொருளில் காரணம் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் கழிப்பறை இருந்தது, மீட்டிங் இருந்தது, சிஸ்டம் கோளாறு இருந்தது. கண்ணுக்கு ஓய்வு என்று ஒரு வரி இல்லை. என் பக்கத்து இருக்கைத் தங்கச்சி ஒருத்தி கண் எரியும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலக்கையால் மவுஸை மட்டும் மேஜைமேல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பாள். வட்டம் பச்சையாகவே இருக்கும். இருபத்து நான்கு வயதுப் பெண் தன் கண்ணை ஒரு நிமிடம் மூடுவதற்கு அப்படி ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

எல்லா நிறுவனமும் இப்படி என்று நான் சொல்லவில்லை. மணிக்கு ஒருமுறை தாமே எழுப்பிவிடும் நல்ல டீம் லீடர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு டீம் லீடரின் நல்ல மனசை நம்பி இத்தனை பேரின் கண்ணை விட்டுவைக்க முடியாது. அவர் மாறினால் வழக்கமும் மாறிவிடுகிறது. மேலே இருந்து டார்கெட் ஏறினால் முதலில் போவது அந்த ஐந்து நிமிடம்தான்.

இன்னொன்று, பார்ப்பதற்கு இருபது அடி இடம் வேண்டும். நோயாளிகளின் தகவல் வெளியே போகக் கூடாது என்பதற்காக எங்கள் தளங்களில் ஜன்னலை மறைத்திருப்பார்கள். அது நியாயமான காரணம்தான், நான் மறுக்கவில்லை. போனையும் வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போகிறோம். ஆனால் தலையைத் தூக்கினால் மூன்றடியில் தடுப்பு, அதற்கு அப்பால் இன்னொருவரின் முதுகு. கண்ணுக்கு ஓய்வு என்றால் இருக்கையை விட்டு எழுந்து வராந்தாவுக்குப் போயாக வேண்டும், வேறு வழி கிடையாது.

இங்கே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். திரையைப் பார்ப்பதால் கண் குருடாகிவிடாது, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும், அப்படியிருக்க இதற்கெல்லாம் சட்டமா என்று கேட்பீர்கள். முதல் பாதி உண்மை. கணினித் திரையால் ஏற்படும் களைப்பு விழித்திரையைக் கெடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அந்த ஓய்வு கிடைக்காதபோது ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் மருந்துக்கடையில் நின்று, "அண்ணா, கண் ரொம்பச் சிவந்திருக்கு, ஏதாவது டிராப்ஸ் கொடுங்க" என்கிறார்கள். கடைக்காரர் கொடுப்பதில் சில, சிவப்பை மட்டும் தற்காலிகமாக மறைப்பவை; விட்டதும் முன்பைவிட அதிகமாகச் சிவக்கும். வேறு சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு இருக்கும். போட்ட மறுநாளே கண் பளிச்சென்று ஆகிவிடும். அதனால்தான் அது ஆபத்து. மருத்துவர் பார்க்காமல் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து போட்டால் கண்ணின் உள்ளழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் க்ளாக்கோமா வரலாம், இளம் வயதிலேயே கண்புரையும் வரலாம். க்ளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. வெறும் களைப்பாகத் தொடங்கியது அங்கே போய் முடிவதற்கு நடுவில் ஒரு மருந்துக்கடைதான் இருக்கிறது. இதைப் படிக்கிற என் சக பணியாளர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: வறட்சிக்கு வேண்டியது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர்தான். அதையும் ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் போடவேண்டி வந்தால் ப்ரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள், கண் மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். வீட்டில் அம்மா செய்து தரும் பொன்னாங்கண்ணிப் பொரியலைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை அது. ஆனால் இமைக்காத கண்ணுக்கு அது ஈடாகாது.

நிறுவனங்கள் எதுவுமே செய்யவில்லையா என்றால், செய்கின்றன. ஊழியர் நல வாரம் என்று வைத்து ஆளுக்கு ஒரு 'புளூ கட்' கண்ணாடி, அதாவது நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, கொடுத்த இடம் எனக்குத் தெரியும். புகைப்படம் எடுத்தார்கள், எல்லாரும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டார்கள். கொடுத்தவர்களின் நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2023-இல் இதைப் பற்றி ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. 17 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், கணினி வேலையால் வரும் கண் களைப்பைக் குறைப்பதில் புளூ கட் கண்ணாடிக்கும் சாதாரணக் கண்ணாடிக்கும் குறுகிய காலத்தில் வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை என்றது. அமெரிக்கக் கண் மருத்துவர்கள் சங்கமும் இந்தக் கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. களைப்புக்குக் காரணம் திரையின் நீல ஒளி என்றால் கண்ணாடி மாட்டித் தீர்த்துவிடலாம். காரணம் இமைக்காமல், தொலைவில் பார்க்காமல், மணிக்கணக்கில் ஒரே தூரத்தில் கண்ணை நிறுத்தி வைத்திருப்பது. அதற்கு நேரம்தான் கொடுக்க வேண்டும்.

கண்ணாடி என்றதும் பரிசோதனையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேலையில் சேரும்போது ஒரு மருத்துவப் பரிசோதனை நடக்கும். கண்ணுக்கு என்று சுவரில் ஒரு சார்ட், 6 மீட்டரில் நின்று கடைசி வரிவரை படித்தால் 6/6, முடிந்தது. கொஞ்சம் அக்கறை உள்ள இடமென்றால் கையில் ஓர் அட்டையைக் கொடுத்து 35, 40 சென்டிமீட்டரில் படிக்கச் சொல்வார்கள். எங்கள் திரையோ 60, 65 சென்டிமீட்டரில் இருக்கிறது. நாங்கள் வாழ்நாளில் அதிக நேரம் பார்க்கும் அந்தத் தூரத்தை மட்டும் யாரும் சோதிப்பதில்லை.

இளம் வயதில் இதனால் பெரிதாகத் தெரியாது. 40 தாண்டியதும் தெரியும். அந்த வயதில் கண்வில்லையின் நெகிழ்வு குறைந்து, படிக்கத் தனிப் பவர் தேவைப்படும். கடையில் புரோகிரசிவ் லென்ஸ் போட்டுக் கொடுப்பார்கள். அதில் மேல் பாகம் தூரத்துக்கு, அடிப் பாகம் புத்தகத்துக்கு. திரைக்கு உரிய பாகம் நடுவில் ஒரு குறுகலான பாதைதான். மானிட்டர் நேர் எதிரே இருப்பதால் கண்ணாடியின் கீழ்ப் பாகத்தைத் திரைக்கு நேராகக் கொண்டுவர மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்காருவோம். இரண்டு திரை என்றால் அந்தக் குறுகல் பாதையைத் தேடித் தலையை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் தளத்தில் சீனியர் கோடர்கள் எல்லாரும் கழுத்துவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புத்தகத் தூரத்துக்கு, அதாவது 40 சென்டிமீட்டருக்கு, 2.5 பவர் தேவைப்படும் கண்ணுக்கு 60 சென்டிமீட்டரில் 1.67 போதும். அந்தத் தூரத்தை அளந்து, அலுவலகத்துக்கு என்று தனியாக ஒரே பவரில் ஒரு கண்ணாடி போட்டால் கழுத்தும் தப்பும், கண்ணும் தப்பும். விலையும் நல்ல புரோகிரசிவ் கண்ணாடியைவிடக் குறைவு. எனக்கு அப்படி ஒன்று எழுதித் தந்த பரிசோதகர் செய்த ஒரே வேலை, "உங்கள் மானிட்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, அளந்துகொண்டு வாங்க" என்று கேட்டதுதான். வீட்டுக்குப் போய்த் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். அந்தக் கேள்வியைக் கேட்பது எல்லா இடத்திலும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

நான் கேட்பது உலகத்தில் இல்லாத புதுமை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1990-லேயே திரைமுன் வேலை செய்பவர்களுக்காக 90/270 என்ற ஆணையைப் போட்டது. இடையிடையே ஓய்வோ வேலை மாற்றமோ தந்து திரைநேரத்தைக் குறைக்க வேண்டும், வேலை தொடங்கும் முன்பும் பிறகு அவ்வப்போதும் கண் பரிசோதனை செய்ய வேண்டும், அந்த வேலைக்கென்று தனிக் கண்ணாடி தேவைப்பட்டால் அதன் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்று அதில் இருக்கிறது. பிரிட்டனில் 1992-ஆம் ஆண்டு விதிகள் அதே வழியில் வந்தன. அந்த நாட்டின் பணிப் பாதுகாப்பு அமைப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம் விடுவதைவிட மணிக்கு ஒருமுறை 5 முதல் 10 நிமிடம் விடுவது நல்லது என்று வழிகாட்டுகிறது. ஜப்பான் அரசின் வழிகாட்டுதலில் ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரைவேலை கூடாது, நடுவில் 10 முதல் 15 நிமிடம் திரையை விட்டு விலக வேண்டும் என்று உள்ளது. 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ருமேனியாவில் குடியேற்றத் துறையில் திரைமுன் வேலை பார்த்த ஓர் அரசு ஊழியர், பார்வை குறைந்து புதுக் கண்ணாடி வாங்கியதற்கான பணத்தைத் துறையிடம் கேட்டிருந்தார். திரைவேலை தொடர்பான பார்வைக் குறையைச் சரிசெய்ய வேண்டிய கண்ணாடியும் அந்த ஆணைக்குள் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது.

வேலை குறையுமே என்று நிறுவனங்கள் உங்களிடம் சொல்லும். அதற்கும் பதில் இருக்கிறது. நாங்கள் யாருக்காக வேலை செய்கிறோமோ அந்த அமெரிக்காவிலேயே, நியாஷ் என்று சொல்லப்படும் அரசுத் தொழில்நல ஆய்வு நிறுவனம் வருமான வரித்துறையின் டேட்டா என்ட்ரி ஊழியர்களை வைத்துச் சோதித்தது. 2000-ஆவது ஆண்டில் அந்த முடிவு வெளியானது. வழக்கமான இரண்டு 15 நிமிட இடைவேளைகளோடு, இடைவேளை இல்லாத மணி நேரங்களில் 5 நிமிடம் வீதம் நாளுக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். கண் எரிச்சலும் உடல் வலியும் குறைந்தன. 20 நிமிடம் குறைவாக வேலை செய்தும், அடித்து முடித்த அளவு குறையவில்லை. எங்களைப் போலவே எண்களையும் எழுத்துகளையும் பார்த்துப் பார்த்து அடிப்பவர்கள்தான் அவர்களும். அந்த முடிவை எந்த முதலாளியிடமும் தைரியமாக எடுத்துக் காட்டலாம்.

நம் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓய்வு இல்லாமல் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க வேண்டுமென்றால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் காலத்து மளிகைக்கடைக்கும் பேரேடு எழுதும் அலுவலகத்துக்கும் அது போதுமானதாக இருந்திருக்கும். கணக்கப்பிள்ளை பேரேட்டிலிருந்து தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தால் யாரும் அதை எண்ணிக்கொண்டு இருக்கவில்லை. இன்று எண்ணுகிறார்கள். நான்கு மணி நேரம் திரையைவிட்டு நகராமல் இருப்பது என்றால் என்ன என்பது அந்தச் சட்டம் எழுதியவர்கள் பார்த்திராத ஒன்று.

ஆகவே 22-ஏ போலவே இன்னொரு சிறு பிரிவை அதே சட்டத்தில் சேருங்கள் என்று கேட்கிறேன். நாளில் பெரும்பகுதி கணினித் திரைமுன் வேலை செய்பவர்களுக்கு, சாப்பாட்டு இடைவேளை போக, மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் திரையைவிட்டு விலக உரிமை வேண்டும். அந்த ஐந்து நிமிடம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். ஐடில் என்று பதிந்து சம்பளத்திலோ இன்சென்டிவிலோ கழிக்கக் கூடாது என்பதைச் சட்டமே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் முன்னால் இருப்பதெல்லாம் போஸ்டராகத்தான் நிற்கும். அப்புறம், சேரும்போதும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் திரைத் தூரத்தை அளந்து செய்யும் கண் பரிசோதனை. அந்தத் தூரத்துக்கென்று கண்ணாடி தேவைப்பட்டால் நிறுவனத்தின் செலவில்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச உடல் பரிசோதனை என்று அறிவித்திருக்கிறார்கள். மாநில அளவில் அதற்கு வழிகாட்டுதல் எழுதும்போது, ரத்த அழுத்தம், சர்க்கரை என்பதோடு திரைத் தூரக் கண் பரிசோதனை என்ற ஒரு வரியைச் சேர்ப்பதற்கு என்ன தடை? செய்யத் தெரிந்தவர்கள் இல்லை என்று நம் ஊரில் சொல்லவே முடியாது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. மதுரையில் 1976-இல் வெங்கடசாமி டாக்டர் தொடங்கிய அரவிந்த், சென்னையில் 1978-இல் பத்ரிநாத் டாக்டர் தொடங்கிய சங்கர நேத்ராலயா என்று வெளிநாட்டிலிருந்து வந்து கற்றுக்கொண்டு போகும் அளவுக்குக் கண் வைத்தியம் இங்கே வளர்ந்திருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பார்த்து இலவசக் கண்ணாடி தரும் கண்ணொளி காப்போம் திட்டத்தை அரசே நடத்தியிருக்கிறது. அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து எங்கள் தளங்களில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கோடிங் கம்பெனிகளை மட்டும் மனதில் வைத்து இதைப் பார்க்காதீர்கள். டிடிபி சென்டரில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர், வங்கிக்குக் காசோலைத் தகவல் ஏற்றுபவர், இ-சேவை மையத்தில் வரிசை வரிசையாக வருமானச் சான்றிதழ் விண்ணப்பம் போடுபவர், தாலுகா அலுவலகத்தில் ஒப்பந்தச் சம்பளத்துக்குப் பட்டா விவரம் ஏற்றும் ஆபரேட்டர் எல்லாருக்கும் இதே கண்தான். அரசின் கீழ் ஒப்பந்தத்தில் இருப்பவர்களிடமிருந்தே இதைத் தொடங்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம் வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம், ஓர் அரசாணை போதும்.

திருத்தம் வரக் காலம் பிடிக்கும் என்பது தெரியும். அதுவரை உங்கள் தொழிலாளர் உதவி ஆய்வாளர்கள் எங்கள் அலுவலகங்களுக்கு வரும்போது செய்யக்கூடியவை சில உண்டு. வருகைப் பதிவேட்டைப் பார்ப்பதோடு ஐடில் நேர அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் சிவப்பாகிறது, அதற்கு எவ்வளவு பிடித்தம் என்று கேளுங்கள். இருக்கைகளுக்கு நேர் மேலே ஏசி காற்று இறங்குகிறதா என்று கையை நீட்டிப் பாருங்கள். உச்சி விளக்கு திரையில் பளிச்சென்று தெரிந்தால் அதை எழுதிக்கொள்ளுங்கள். மானிட்டரின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேரோ சற்றுக் கீழோ இருக்கிறதா என்று பாருங்கள். பார்வை கொஞ்சம் தாழ்ந்திருந்தால் இமை விரிவது குறையும், கண்ணும் குறைவாகக் காயும். லேப்டாப்பை வைத்து நாள் முழுக்க வேலை வாங்குகிற இடமாக இருந்தால் தனி கீபோர்டு கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முடிந்தால் இரவு ஷிஃப்டில் வாருங்கள். மாலை ஆறரைக்கு உள்ளே போய் அதிகாலையில் வெளியே வரும் ஏஆர் காலர் பிள்ளைகளிடம் (அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போன் செய்து நிலுவைப் பணத்தைக் கேட்பவர்கள்), மேலாளர் பக்கத்தில் இல்லாதபோது, கடைசியாக எந்தச் சொட்டு மருந்து போட்டார்கள், அதை யார் எழுதிக் கொடுத்தது என்று கேளுங்கள்.

உங்கள் துறை கூட்டம் கூட்டிக் கருத்துக் கேட்டால் வந்து சொல்வதற்கு நானும் என்னோடு வேலை பார்ப்பவர்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு மெடிக்கல் கோடர்